ரோலரால் பூசும் பட்டி: பழைய வீட்டுச் சுவருக்கும் சீலிங்குக்கும் சரிவருமா?

ஜெலுத்தோங் வாசகி:
வணக்கம். எங்களுடையது பினாங்கில் 1970களில் கட்டிய வரிசை வீடு. முன்பு குடியிருந்தவர்கள் சாயத்தின் மேல் சாயம் பூசியதில் ஹால் சுவர் ஆரஞ்சுத் தோல் போல் இருக்கிறது. சமையலறையில் பளபளக்கும் எண்ணெய்ச் சாயம். வாளியில் கலந்தே விற்கும் பட்டியை (சுவரை வழவழப்பாக்கும் பசையை) ரோலரால் பூசி, அகலத் தகட்டால் இழுத்தால் போதும் என்கிறார்கள். பழக்கமில்லாத நானும் தம்பியும் செய்யலாமா? சீலிங்குக்கும் அதுவே போதுமா? தீபாவளிக்குள் முடிக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் சாயக்காரர்:
தாராளமாகச் செய்யலாம், சகோதரி. ஆனால் ரோலர் பட்டியைச் சுவரில் ஏற்றுவதோடு சரி; வழவழப்பைத் தருவது தகடுதான். காசை நல்ல தகட்டில் போடுங்கள்.

தம்பி பூசட்டும், நீங்கள் இழுங்கள். ஒரு சதுர மீட்டர் பூசியதும் தகடு பின்னாலேயே வர வேண்டும். தகட்டைச் சற்றுச் சாய்த்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் அதைத் துடைத்துவிடுங்கள். காய்ந்த துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் சுவர் நெடுகக் கோடு விழும். பட்டி இறுகத் தொடங்கிவிட்டால் கை வைக்காதீர்கள், பிய்ந்து வரும். மிச்சத்தை இரண்டாம் பூச்சு பார்த்துக்கொள்ளும். கனமாக ஒரு பூச்சு பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு பூசுவதே நல்லது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு 1 லிட்டர் பிடிக்கும். வாளிக் கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

விரிசல்களை முன்னதாகவே கீறித் திறந்து, அடைத்து, வலை நாடா ஒட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு எல்லாம் நிழல் காட்டும். அங்கே மட்டும் 180 எண் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, பிரைமர் (சாயத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்த பின்பே சாயம். பிரைமர் இல்லையென்றால் பட்டி சாயத்தை உறிஞ்சித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிப் பளபளப்பைப் போக்காமல் பூசினால் உரிந்துவிடும். அந்தக் காலத்து எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். நீர் தொட்ட உப்புத்தாளால் தேயுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பட்டர்வொர்த் மேற்பார்வையாளர்:
சீலிங் தட்டையான சிமெண்டுப் பலகையா, சகோதரி? அந்தக் காலத்துப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆய்வகத்தில் சோதிக்கும் வரை அதைச் சுரண்டவோ, தேய்க்கவோ, துளைக்கவோ கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

ஜெலுத்தோங் வாசகி:
பலகைதான், ஐயா. இனி அதைத் தொடமாட்டோம். இன்னொன்று: ஹாலின் பின்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளைப் பொடி பூக்கிறது. அதையும் பட்டியால் மூடலாமா?

ஆயர் ஈத்தாம் சாயக்காரர்:
கூடவே கூடாது. அது தரையிலிருந்து ஈரம் ஏறிக் கொண்டுவரும் உப்பு. மேலே எதைப் பூசினாலும் உப்பு உள்ளிருந்து தள்ளிவிடும். முதலில் வெளிப்புறம் போய், சாக்கடை அடைத்திருக்கிறதா, மண் குவிந்து சுவரின் மேல் ஏறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஈரம் வரும் வழியை அடைத்தாலும் சுவர் காய மாதங்கள் ஆகும், அதுவும் பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில். தீபாவளிக்கு அந்தப் பக்கம் அலமாரியைச் சற்றுத் தள்ளி, காற்றுப் போகும்படி நிறுத்திவிட்டு, மற்ற மூன்று சுவர்களை முடியுங்கள்.