அட்டாக் ஒன் டைட்டன்: மேடையில் பாட முகப்புப் பாடலா, இடைப்பாடலா?

கொட்டகலைக் குயில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் அடுத்த மாதம் ஒரு கலை மாலை நடைபெறவிருக்கிறது. அதில் என் தங்கை ஒரு பாடல் பாடவுள்ளாள். அவளுக்கு வயது 14. பாடசாலையில் சங்கீதத்தை ஒரு பாடமாகப் படிக்கிறாள். சினிமாப் பாடல் எதுவும் வேண்டாம், அட்டாக் ஒன் டைட்டன் என்ற ஜப்பானிய அனிமேத் தொடரின் பாடலைத்தான் பாடுவேன் என்று உறுதியாக நிற்கிறாள். முதற்பருவத்தின் முகப்புப் பாடலான 'குரென் நோ யுமியா'வைப் பாடினால் சபை நிமிர்ந்து உட்காரும் என்பது என் எண்ணம். அவளோ, அதே பருவத்தில் காட்சிகளுக்கு நடுவே ஒலிக்கும் 'ஃபோகெல் இம் கேஃபிக்' என்ற பாடல்தான் வேண்டும் என்கிறாள்.

என்னை உண்மையில் அலைக்கழிப்பது வேறொரு கேள்வி. ஒரு சொல்கூட விளங்காத மொழியில் அமைந்த அந்தப் பாடல், காட்சியின் நடுவே எழும்போது தொண்டையை அடைக்கிறதே, அது எதனால்? காட்சி இல்லாமல், வாசிகசாலையின் ஒற்றை ஒலிபெருக்கியில், அதே பாடல் தனியாக நிற்குமா? தங்கை இரண்டாம் பருவத்தின் முடிவுவரை மட்டுமே பார்த்திருக்கிறாள்; இங்கே எழுதப்படுவதை அவளும் வாசிப்பாள் என்பதால், அதற்குப் பிந்திய கதையை வெளிப்படுத்தாமல் பதில் எழுதும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதுளை இசைப்பிரியன் எழுதியது:

நீங்கள் ஒப்பிடும் இரண்டு பாடல்களும் வெவ்வேறு கைகளிலிருந்து வந்தவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரலில் தொடர் தொடங்கியபோது முகப்பில் ஒலித்த 'குரென் நோ யுமியா', ரெவோ என்ற இசைக்கலைஞர் நடத்தும் லிங்க்ட் ஹொரைசன் குழுவின் படைப்பு. அதே பருவத்தின் இரண்டாவது முகப்புப் பாடலான 'ஜியூ நோ ட்சுபசா'வும், 2017இல் வந்த இரண்டாம் பருவத்தின் 'ஷின்சோ வோ ஸஸகேயோ'வும் அவர்களுடையவையே. காட்சிகளுக்குள் வரும் பின்னணி இசையும் இடைப்பாடல்களும் ஹிரோயுகி சவானோவுடையவை. இறுதிப் பருவத்தில் கோதா யமமோட்டோவும் அவருடன் சேர்ந்துகொண்டார்.

'ஃபோகெல் இம் கேஃபிக்' என்றால் ஜெர்மன் மொழியில் கூண்டுக்குள் இருக்கும் பறவை என்று பொருள். மதில்களுக்குள் அடைபட்டு வாழும் மக்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஜப்பானியத் தொடருக்கு ஜெர்மன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கதையின் மாந்தர்களில் பலருடைய பெயர்கள் ஜெர்மன் பெயர்களே. நாயகனின் குடும்பப் பெயரான யேகர் என்பதே வேட்டைக்காரன் என்று பொருள்படுவது. முதல் முகப்புப் பாடலின் ஜெர்மன் வரியிலும், நாங்கள் இரையல்ல, வேட்டையாடுபவர்கள் என்ற கருத்தில் அந்தச் சொல் இடம்பெறுகிறது.

சவானோவின் எல்லா இடைப்பாடல்களும் ஜெர்மனில் அமைந்தவையல்ல. 'கோல் யுவர் நேம்', 'ரிலக்டன்ட் ஹீரோஸ்' ஆகியவை ஆங்கிலத்தில் பாடப்படுபவை. தங்கையின் பாடசாலை ஆங்கிலமே அவற்றுக்குப் போதும். சபையையும் நினைத்துப் பார்த்தால், நான் 'கோல் யுவர் நேம்' பாடலைத்தான் பரிந்துரைப்பேன்.

நோர்வூட் தப்பொலி எழுதியது:

தொண்டை அடைப்பது எதனால் என்ற கேள்விக்கு, மொழி விளங்காததும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். சொல் விளங்கினால் மனம் சொல்லின் பின்னால் போய்விடும். விளங்காதபோது, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது என்பதை மட்டுமே செவி பற்றிக்கொள்கிறது. கண்முன் நிகழும் துயரத்தை அந்தக் குரலுக்குப் பொருளாக நாமே வைத்துவிடுகிறோம்.

நம் மலையகத்தில் இதற்கு ஒரு பழக்கம் ஏற்கெனவே உண்டு. மாசி மாதத்துக் காமன் கூத்தை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஆறு அல்லது ஏழு வயதிருக்கும். பாடப்பட்டது தமிழேதான் என்றாலும், பழைய நடையும் இரவுப் பனியும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்ததில் எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் மன்மதன் எரிந்த பின்னர் ரதி புலம்பத் தொடங்கியதும், அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த தப்பு மேளம் தணிந்து அவளுடைய குரலுக்கு வழிவிட்டதும், அருகிலிருந்த என் அப்பாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதும் இன்றும் நினைவில் நிற்கின்றன. சவானோ இடைப்பாடலை வைக்கும் இடமும் அத்தகையதே. அடிதடியின் உச்சத்தில், வாத்தியங்கள் மேலும் முழங்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் நேரத்தில், மனிதக் குரலொன்று புலம்பலாக எழுகிறது.

முகப்புப் பாடலின் வேலை வேறு. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் திரட்டும் கூட்டத்துக்கு, ஆட்களை அழைக்கத் தப்படித்த காலத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'குரென் நோ யுமியா' அந்தத் தப்பைப் போன்றது: எழுந்திரு, திரண்டு வா என்கிறது. தொலைக்காட்சி வடிவத்தில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த அழைப்பு முடிந்தாகவேண்டும். அது சேர்ந்து பாடுவதற்கான பாடல். பதினான்கு வயதுப் பிள்ளை தனியாக நின்று பாடினால், ஆட்கள் வராத பெரட்டைப் போல மேடை வெறிச்சோடித் தெரியும் என்று அஞ்சுகிறேன். தங்கையின் தெரிவு சரியானது என்பதே என் கருத்து.

ஹப்புத்தளைப் பனிமூட்டம் எழுதியது:

தப்பொலி ஐயாவின் ஒப்புமை மனத்தைத் தொட்டது. ஆனால் முகப்புப் பாடல்களை வெறும் அழைப்பு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கதையைச் சொல்லாமல் இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: கதை யாருடைய பக்கத்தில் நிற்கிறது என்பது மாற மாற, முகப்புப் பாடல்களின் குரலும் மாறுகிறது. முதல் பாடலின் கம்பீரத்தையும், இறுதிப் பருவத்தின் தொடக்கத்தில் ஷின்செய் கமட்டேசன் குழுவினர் பாடிய 'பொக்கு நோ சென்ஸோ'வையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தலைப்புக்கு என் போர் என்று பொருள். முதற்பாடல் கேட்பவரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்கிறது. பின்னதைக் கேட்கும்போது எந்த அணியில் நிற்பது என்றே தெரியாமல் ஓர் அச்சம் படர்கிறது. இது தற்செயலாக அமைந்திருக்க முடியாது.

நீங்கள் மூவருமே நிறைவுப் பாடல்களை மறந்துவிட்டீர்கள். முதற்பருவத்தில் யோகோ ஹிகாசா பாடிய 'உட்சுகுஷிகி சங்கோகு நா செகாய்' என்ற பாடல், இந்த உலகம் அழகானது, கொடியதும்கூட என்ற கருத்தைத் தன் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. ஒற்றைப் பெண் குரலுக்கென்றே அமைந்த பாடல் என்பதால் தங்கைக்கு அது பொருந்தும்.

கொட்டகலைக் குயில் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மழையில் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில், உங்கள் பதில்களைக் கைபேசியில் தங்கைக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். காமன் கூத்துப் பற்றிய பகுதியைக் கேட்டதும், இதைத்தான் அண்ணா நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாள். ஆகவே 'ஃபோகெல் இம் கேஃபிக்' என்றே முடிவு செய்திருக்கிறோம். முழுப் பாடல் ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்வதால், மெல்லிய தொடக்கப் பகுதியை மட்டும் ஆர்மோனியத் துணையுடன் பாடச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். கூட்டுக்குரல் எழும் பகுதிக்கு எங்களிடம் ஆட்கள் இல்லை. உச்சரிப்பு ஒன்றுதான் இப்போது கவலை.

பதுளை இசைப்பிரியன் எழுதியது:

தொடக்கப் பகுதியோடு நிறுத்துவது நல்ல முடிவு. என் பரிந்துரையை மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுகிறேன். உச்சரிப்புக்கு ஒரு சிறு வழிகாட்டல்: ஃபோகெல் என்ற சொல் ஆங்கில எழுத்து வீயில் தொடங்கினாலும் ஃப என்றே ஒலிக்கவேண்டும், யேகர் என்ற சொல்லின் முதலெழுத்து ஜே என்றாலும் ய என்றே ஒலிப்பதும் இதைப் போன்றதே. கேஃபிக் என்பதில் மேலே இரு புள்ளியிட்ட ஏ எழுத்தை நம் ஏகாரம்போல நீட்டிச் சொல்லவேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பாடமாக்காமல், பாடலைக் காதொலிப்பானில் வரிவரியாகக் கேட்டு, கேட்டதைத் தமிழெழுத்தில் அவளே எழுதிக்கொள்ளட்டும். பாடுவதற்கு முன், அந்தத் தலைப்பின் பொருளை மட்டும் சபைக்குத் தமிழில் ஒரு வரியில் நீங்கள் சொல்லிவிடுங்கள்.