கீசர்: என் கணக்கில் 0.24 யூனிட், மீட்டரில் 1.1 யூனிட். எங்கே தப்பு?

மாடிவீடு:
வணக்கம். எங்கள் வீட்டில் 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட். போர் தண்ணீர், உப்பு அதிகம். பார்க்க வந்த மெக்கானிக், காயிலில் உப்பு படிந்து கரண்டைத் தின்கிறது, மாற்ற வேண்டும் என்றார். சரி, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தண்ணீர் 25 டிகிரியில் உள்ளே போகிறது, 60-ல் விளக்கு அணைகிறது. 25 லிட்டர் × 35 டிகிரி = 875 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். வகுத்தால் 0.243 யூனிட். ஆனால் ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் 1.1 யூனிட் ஓடியிருக்கிறது. விளக்கு அணைய 33 நிமிடம் ஆனது, 2 கிலோவாட்டுக்கு அதுவும் ஒத்துப்போகிறது. அப்படியானால் முக்கால் பங்குக்கு மேல் வீணாகிறதா?

பௌதிக டீச்சர்:
முதலில் 1.1-ஐ 0.243-ஆல் வகுத்துப் பாருங்கள். 4.5 வருகிறது. 4.2-க்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தாலே எனக்குக் கலோரி ஞாபகம் வந்துவிடும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற வேண்டியது ஒரு கிலோகலோரி, ஒரு கிலோஜூல் இல்லை. உங்கள் 875 கிலோகலோரிதான். 4.184-ஆல் பெருக்கினால் 3661 கிலோஜூல், அதாவது 1.017 யூனிட்.

விடை தப்பினால் எத்தனை மடங்கு தப்பியது என்று பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். 1000 மடங்கு என்றால் கிலோவை விட்டிருப்பார்கள். 3.6 மடங்கு என்றால் மெகாஜூலை அப்படியே யூனிட்டாக எழுதியிருப்பார்கள்.

மாடிவீடு:
நன்றி டீச்சர், தப்பு புரிந்துவிட்டது. ஒரு இடத்தில் 4.184, இன்னொரு இடத்தில் 4.1868 என்று பார்த்தேன். எது சரி?

பௌதிக டீச்சர்:
இரண்டும் சரி. கலோரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை உண்டு. வேதியியலில் 4.184, நீராவி அட்டவணைகளில் 4.1868. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீசருக்கு 4.2 போதும்.

பழைய வயர்மேன்:
நாங்கள் 860 என்று ஒரே எண்ணை வைத்திருப்போம் தம்பி. 860 கிலோகலோரி ஒரு யூனிட். 875-ஐ 860-ஆல் வகுத்தால் முடிந்தது. மிச்சம் 0.08 யூனிட் தொட்டி சூடாவதிலும் வெளியே கசிவதிலும் போயிருக்கும்.

காயில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. உப்பு படிந்தாலும் அது எடுக்கும் கரண்ட் முழுக்க வெப்பமாகித் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும். உப்பால் வரும் கெடுதல் வேறு: வெப்பம் சட்டென்று வெளியேற முடியாமல் காயில் தானே அதிகம் சூடாகி ஒரு நாள் எரிந்துபோகும். அதனால் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்படியே உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பாருங்கள். அது கரைந்து தீர்ந்துவிட்டால் அப்புறம் தொட்டி துருப்பிடிக்கும்.

மாடிவீடு:
அண்ணே, இன்று கழற்றிப் பார்த்தோம். காயில் மேல் வெள்ளையாகப் படிவு இருந்தது, சுரண்டி எடுத்தாயிற்று. மக்னீசியக் கம்பி பென்சில் அளவுக்குக்கூட இல்லை. அதை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறேன்.