பனியன் கம்பெனியில் வெல்னஸ் புரோகிராமுக்கு ஆள் எடுக்கணும்: யாரை எடுக்கலாம்?

கேள்வி: ஓவர்லாக்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். 620 பேர். பாதிக்கு மேல் பெண்கள், அதில் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறைய, எங்கள் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். முதலாளி ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "நம்மகிட்டயும் வெல்னஸ் புரோகிராம், அதாவது ஊழியர் ஆரோக்கியத் திட்டம் வேணும், முழுநேரமா ஒரு ஆளைப் போடு" என்றுவிட்டார். பையர் ஆடிட்டுக்கு (எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி செய்யும் சோதனை) முன்னால் ஆள் வந்துவிட வேண்டுமாம். சம்பளம் 30 ஆயிரம் வரை.

மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகளில் யோகா எடுக்கும் ஒரு தம்பி, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த ஒரு பெண், ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அம்மா ஒருவர். நர்ஸம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வராது. யோகா தம்பி லேப்டாப்பில் காட்டிய படங்களில் முதலாளி விழுந்துவிட்டார். இன்டர்வியூவில் என்ன கேட்பது?

பதில்: கணக்குப்பிள்ளை

யாரை எடுத்தாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஊழியர்கள் ஏறக்குறைய 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து இதே மாதிரித் திட்டம் நடத்திப் பார்த்தார்கள். மருத்துவச் செலவிலோ பழக்கவழக்கத்திலோ சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கனவே செலவு குறைவாக இருந்தவர்கள்தான்.

பதில்: மில் நர்ஸக்கா

கணக்குப்பிள்ளை சார் சொல்றது சரிங்க. ஆனா அது பல்கலைக்கழகம். அங்க தண்ணி குடிக்க எந்திரிக்க யாரும் சூப்பர்வைசர் மூஞ்சியப் பார்க்க வேண்டியதில்லை.

தம்பி, நான் ஸ்பின்னிங் மில்லிலும் அப்புறம் பனியன் கம்பெனியிலும் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ. முதல்ல ஒண்ணு. 500 பேருக்கு மேலன்னா ஆம்புலன்ஸ் ரூமும் அதுக்கு நர்ஸும் சட்டப்படியே இருக்கணும். வெல்ஃபேர் ஆபீசர், அதாவது தொழிலாளர் நல அதிகாரி, 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 500 பேருக்கு, புதுச் சட்டத் தொகுப்புல 250 பேருக்கே. இதெல்லாம் உங்ககிட்ட இருக்கா? இல்லாம, அதையே "வெல்னஸ்"னு பேர் மாத்தி ஆடிட்டர்கிட்ட காட்டத்தான் ஆள் தேடறீங்கன்னா, யாரை எடுத்தும் புண்ணியமில்லை.

எங்கிட்ட வந்த பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. காரணம் கேட்டா, பாத்ரூம் போகணுமேன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்லை. பாத்ரூமுக்கு டோக்கன், ஒரு தையல் லைனுக்கே ஒண்ணுதான். நான் மாத்திரை குடுப்பேன், அடுத்த மாசம் அதே பொண்ணு அதே வலியோட வந்து நிப்பா. அந்த டோக்கன் முறையை நிறுத்த வெச்ச பிறகுதான் கூட்டம் குறைஞ்சுது. அதுக்கு மேனேஜர்கிட்ட நான் போட்ட சண்டை இருக்கே, அது தனிக் கதை.

அதனால இன்டர்வியூவை ஏசி ரூம்ல வெக்காதீங்க. மூணு பேரையும் தனித்தனியா, பதினொரு மணி வாக்குல லைனுக்குள்ள கூட்டிட்டுப் போங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தண்ணி கேன் எங்க இருக்கு, செக்கிங்ல நிக்கிற பொண்ணுக்கு உட்கார ஸ்டூல் இருக்கா, மெஷின்ல ஊசிக்காப்பு இருக்கா, அயர்ன் டேபிள் பக்கம் ஃபேன் ஓடுதா, இதையெல்லாம் யார் தானா கவனிச்சுக் கேக்கறாங்கன்னு பாருங்க. யோகா தம்பியே கேட்டாலும் கேப்பாரு, யார் கண்டா.

அப்புறம் ஒரு கேள்வி: "ஒரு பொண்ணு வந்து நாள் தள்ளிப் போச்சுன்னு உங்ககிட்ட சொன்னா, யாருகிட்டச் சொல்வீங்க?" எச்.ஆருக்கு ரிப்போர்ட் பண்ணுவேன்னு சொல்ற ஆளை டீ குடுத்து அனுப்பிருங்க. ரத்த அளவு, எடை எதுவும் பேரோட உங்க டேபிளுக்கு வரக் கூடாது. எத்தனை பேருக்கு ரத்தசோகைன்னு மொத்தக் கணக்கு மட்டும் வந்தாப் போதும்.

மாத்திரை விஷயமும் கேளுங்க. படிப்பில்லாத ஆள் வயித்து வலிக்கு டப்பாவிலிருந்து எடுத்துக் குடுக்கறது பெரிய ஆபத்து. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பத்தியும் கேளுங்க. மாசம் 21,000-க்குள்ள வாங்கற எல்லாருக்கும் உண்டு. பணம் பிடிக்கறாங்க, ஆனா நோய்வாய்ப்பட்டா 70 சதவீதம் சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும்னு வடக்கத்திப் பிள்ளைங்களுக்கு யாரும் சொல்றதில்லை. இந்தி பேசத் தெரிஞ்ச ஆளா இருந்தா ரொம்ப நல்லது.

பதில்: பவர்டேபிள்

அக்கா, ரத்தப் பரிசோதனை, கிளாஸ்னு லைனை நிறுத்தினா டார்கெட் யார் அடிக்கறது? டீ டைமிலோ ஷிப்ட் முடிஞ்சோ வெச்சுக்கலாமே?

பதில்: மில் நர்ஸக்கா

டீ டைம் அவங்களோடது தம்பி, அதுல கை வெக்காதீங்க. ஷிப்ட் முடிஞ்சா பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாங்க. ஆறு ஆறு பேரா கூப்பிட்டா லைன் நிக்காது. பீஸ் ரேட்ல, அதாவது தைக்கற பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கற ஆளுங்களுக்கு அந்த நேரத்துக்கும் கூலி போடணும், இல்லாட்டி ஒருத்தரும் வர மாட்டாங்க.

ஓவர்லாக்

நன்றிங்க அக்கா. ஆம்புலன்ஸ் ரூம் பேருக்கு இருக்கு, இப்போ அதில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கோம். நர்ஸம்மாவையே எடுத்துடலாம்னு தோணுது. முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது?

பதில்: மில் நர்ஸக்கா

பெட்டிய இன்னைக்கே காலி பண்ணுங்க. ஆடிட்டர் முதல்ல தொறக்கற கதவு அதுதான்னு சொல்லுங்க, முதலாளி ஒத்துக்குவாரு. கம்ப்யூட்டர் வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. பொண்ணை வெல்ஃபேர் ஆபீசர் பதவிக்குப் பாருங்க, அதுக்குண்டான தகுதி இருக்கான்னு விசாரிச்சுட்டு. யோகா தம்பிய மாசம் ரெண்டு சனிக்கிழமை ஆபீஸ் ஸ்டாஃபுக்குக் கூப்பிடலாம். நர்ஸம்மா மேனேஜருக்குக் கீழ வேண்டாம், நேரா முதலாளிக்குக் கீழ போடுங்க. ஹாஸ்டல் வார்டனை இன்டர்வியூ பக்கமே விடாதீங்க.