வேற்றுமை ஆட்சியா, வேற்றுமை அவாவலா?

வணக்கம். செக் மொழி இலக்கணத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு வினையோ, பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொல்லான முன்னிடைச்சொல்லோதான் அடுத்து வரும் பெயரின் வேற்றுமையைத் தீர்மானிக்கிறது. 'பெஸ்' (இல்லாமல்) வந்தால் கிழமை (உடைமை) வேற்றுமை, 'க்' (நோக்கி) வந்தால் கொடை வேற்றுமை, மாற்ற முடியாது. இதை அவர்கள் 'ரெக்ட்ஸெ' என்கிறார்கள். இலத்தீனில் ஆளுதல் என்ற பொருளில் பிறந்த சொல். 'வேற்றுமை ஆட்சி' என்று வைக்கலாமா?

*

ஐயா, 'ஆட்சி' வேண்டாம். சொல்லாட்சி என்றால் சொல்லைக் கையாளும் விதம். அந்தப் பழக்கத்தில் இதையும் வேற்றுமையைக் கையாளும் விதம் என்றுதான் படிப்போம். 'உருபேற்றல்', அதாவது வேற்றுமை உருபை ஏற்பது, பெயரின் வேலை. நமக்கு வேண்டியது, அந்த உருபைக் கேட்டு வாங்குகிற சொல்லின் வேலைக்கு ஒரு பெயர்.

நம் இலக்கண மரபில் 'அவாய்நிலை' இருக்கிறதே! ஒரு சொல் தன் பொருள் நிரம்ப இன்னொன்றை எதிர்பார்த்து நிற்பது. 'உதவினான்' என்றதும் யாருக்கு என்று மனம் கேட்கிறது இல்லையா, அதுதான். செக் பள்ளிகளிலும் பிள்ளைகள் வேற்றுமைகளைக் கேள்விகளை வைத்தே படிக்கிறார்கள்: 'பொமாஹத்' (உதவு) என்றால் 'கொமு? செமு?', அதாவது யாருக்கு, எதற்கு. அதனால் 'வேற்றுமை அவாவல்' என்பேன். "பொமாஹத் கொடை வேற்றுமையை அவாவும்" என்று வினையாகவும் நெருடாமல் வரும்.

அப்புறம், வேற்றுமைகளை எண்ணால் மட்டும் குறிக்காதீர்கள். அவர்களும் பள்ளியில் எண்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர்களுடைய நான்காவது நமக்கு இரண்டாவது, 'ஐ' உருபு. நம் நான்காவது, 'கு', அவர்களுக்கு மூன்றாவது. படிப்பவர் முதல் பக்கத்திலேயே குழம்பிவிடுவார்.

*

அவாவல் பிடித்திருக்கிறது. ஆனால் 'ந' (மேல்) என்ற முன்னிடைச்சொல் இரண்டு வேற்றுமை எடுக்கிறதே? 'ந ஸ்தொலெ' என்றால் மேசைமேல் இருப்பது, இட வேற்றுமை. 'ந ஸ்தூல்' என்றால் மேசைமேல் கொண்டுபோய் வைப்பது, செயப்படுபொருள் வேற்றுமை. 'ந' எதை அவாவுகிறது என்று எழுதுவது?

*

இரண்டையும் அவாவும் என்றே எழுதுங்கள். எது என்பதை இருப்பா நகர்வா என்ற பொருள் தேர்ந்துகொள்ளும். சிக்கல் அங்கே இல்லை, 'செகத் ந' (காத்திரு) போன்றவற்றில்தான் இருக்கிறது. அக்காவுக்காகக் காத்திருக்கிறேன் என்று நாம் சொல்வதை அவர்கள் 'செகாம் ந செஸ்த்ரு' என்பார்கள். நகர்வே கிடையாது, ஆனாலும் செயப்படுபொருள் வேற்றுமை. இங்கே அவாவுவது 'ந' மட்டும் இல்லை, வினையும் 'ந'வும் சேர்ந்த இணை. சொற்பட்டியலில் 'செகத்' என்று தனியாகப் போடாமல் 'செகத் ந' என்று ஒரே பதிவாகப் போட்டு, பக்கத்தில் அந்த வேற்றுமைக்கான கேள்வியையும் கொடுத்துவிடுங்கள்.