லாபம் கூடியது என்று செய்தி, பங்கோ இறங்குகிறது: சரியான தகவலை எங்கே பார்ப்பது?

ஈரோட்டுச் செல்வி:
வணக்கம். மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி தனியாகப் போகிறது, அதைப் பற்றிக் கேள்வி இல்லை. நேரடியாக வாங்கி வைத்திருக்கும் சில பங்குகளில்தான் குழப்பம். அதில் ஒரு நிறுவனம் போன வாரம் காலாண்டு முடிவு வெளியிட்டது. "நிகர லாபம் 40% உயர்வு" என்று போனில் செய்தி வந்தது. மறுநாள் பங்கு நன்றாகவே இறங்கிவிட்டது. வேறு செய்தித் தளங்களைத் திறந்தால் எல்லாவற்றிலும் அதே நாலு வரி. நான் இருக்கும் டெலிகிராம் குழுவில் கேட்டேன். "ஆபரேட்டர் வேலை, விற்காதீர்கள், ஆவரேஜ் பண்ணுங்கள்" என்கிறார் குழுவை நடத்துபவர். அதாவது யாரோ வேண்டுமென்றே விலையை இறக்குகிறார்களாம், நான் இறங்கிய விலையில் இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்க வேண்டுமாம்.

என்ன நடந்தது என்று எங்கே போய்ப் பார்ப்பது? அப்புறம், இதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ளக் காசு கட்டாமல், முடிந்தால் தமிழில், எங்கே கற்றுக்கொள்ளலாம்? ஆங்கிலம் படிப்பேன். கணக்குவழக்கு ஆங்கிலம்தான் தலையைச் சுற்றுகிறது.

பழைய ஆடிட்டர்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் அம்மா. அந்த நாலு வரி எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கேயே போய்விடுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் முடிவுகளைப் பங்குச் சந்தைக்கு அனுப்பியே ஆக வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள் என்பது சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. வர்த்தக நேரம் முடிந்த பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம் தருகிறார்கள். பிஎஸ்இ, என்எஸ்இ ஆகிய இரண்டு பங்குச் சந்தைகளின் தளங்களிலும் "கார்ப்பரேட் அனவுன்ஸ்மென்ட்ஸ்" என்று ஒரு பக்கம் உண்டு. நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, தேதி வரம்பையும் நீங்களே போட்டுத் தேடுங்கள். பிடிஎஃப் கிடைக்கும். டிவியில் பேசுகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதமும் செபிக்கும் பங்குச் சந்தைகளுக்கும் போனதுதான், பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

பிடிஎஃப்பைத் திறந்ததும் லாப வரிக்கு ஓடாதீர்கள். தனி நிறுவனக் கணக்கு ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு ஒன்று என இரண்டு அட்டவணை இருக்கும். சேர்த்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "அதர் இன்கம்" (தொழிலுக்கு வெளியே வந்த வருமானம்), "எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ்" (எப்போதாவது வரும் வரவு செலவு) என்ற இரண்டு வரிகளையும் போன வருடம் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் விடக்கூடாது. விஷயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஈரோட்டுச் செல்வி:
பார்த்துவிட்டேன் சார். எக்ஸெப்ஷனல் ஐட்டத்தில் ஒரு பெரிய தொகை. கீழே குறிப்பில், பழைய தொழிற்சாலை நிலத்தை விற்றதில் வந்த லாபம் என்று போட்டிருக்கிறார்கள். அதைக் கழித்தால் லாபம் போன வருடத்தைவிடக் குறைவு! விற்பனையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எந்தச் செய்தியிலும் இது இல்லையே?

பழைய ஆடிட்டர்:
முடிவு வந்த சில நிமிடங்களில் தலைப்புப் போட வேண்டிய அவசரம் அவர்களுக்கு. கடைசி வரியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். காலாண்டு முடிந்த பின் முடிவை வெளியிட ஜூன், செப்டம்பர், டிசம்பர் காலாண்டுகளுக்கு 45 நாள் கெடு, மார்ச்சுக்கு 60 நாள். கெடு நெருங்கும்போது ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். உங்கள் சில பங்குகளுக்காவது நீங்களே பார்த்துக்கொள்வதுதான் வழி.

கோவை மில்காரர்:
விற்பனை ஏன் குறைந்தது என்று தெரிய வேண்டுமானால் கான்கால் படியுங்கள். முடிவு வந்த பிறகு நிர்வாகமும் ஆய்வாளர்களும் பேசும் கூட்டம் அது. கூட்டம் நடத்தினால், பேசியதன் எழுத்து வடிவத்தை 5 வேலை நாட்களுக்குள் வெளியிட வேண்டும். நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டித் தரும் ஸ்க்ரீனர் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் கடைசியில் "டாக்குமென்ட்ஸ்" பகுதி வரும். அறிவிப்புகள், ஆண்டறிக்கைகள், கான்கால் எல்லாம் அங்கே வருட வாரியாக இருக்கும். இலவசக் கணக்கே போதும்.

நிர்வாகத்தின் ஆரம்ப உரையை நான் தாண்டிவிடுவேன், எல்லோரும் ஒரே மாதிரி பெருமை பேசுவார்கள். கேள்வி பதில் பகுதிதான் சரக்கு. ஒரு வருடத்துக்கு முந்தைய கான்காலையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். "அடுத்த தீபாவளிக்குள் புது யூனிட் ஓடும்" என்று அப்போது சொன்னது இப்போது ஓடுகிறதா? ஒரே கேள்விக்கு இரண்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்தும் எண் சொல்லாமல் நழுவுகிறார்களா? ஆட்களை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது.

தூத்துக்குடி உப்பு:
குறுக்கே ஒரு சின்னச் சந்தேகம். என் பங்கு ஒன்று இன்று காலை பாதி விலையில் திறந்திருக்கிறது. செய்தியே எதுவும் இல்லை. ஆப்பில் சிவப்பாக 50% நஷ்டம் காட்டுகிறது.

கோவை மில்காரர்:
பதறாதீர்கள். அதே பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் "கார்ப்பரேட் ஆக்ஷன்ஸ்" பாருங்கள், 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு இன்னொன்று இலவசம்) அல்லது ஸ்ப்ளிட்டாக (ஒரு பங்கை இரண்டாகப் பிரிப்பது) இருக்கும். 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் போனஸின்போதும் இப்படித்தான் பாதி விலை காட்டியது. புதுப் பங்குகள் உங்கள் டீமேட் கணக்கில் வந்து சேரும்வரை ஆப் கணக்கு தப்பாகத்தான் தெரியும்.

தூத்துக்குடி உப்பு:
போனஸேதான். நன்றி அண்ணா, இப்போதுதான் டீ இறங்குகிறது.

நெல்லை வாசகி:
செல்வி அக்கா, அந்த டெலிகிராம் குழுவை நடத்துபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். பங்கை வாங்கு, விற்காதே என்று காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைக்க ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு வேண்டும், அந்த எண் ஐஎன்ஹெச் என்று தொடங்கும். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ. அவர் அனுப்பும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம். செபி தளத்தில் இருக்கும் பட்டியலில் எண்ணைத் தேடி, அங்கே உள்ள பெயரும் மின்னஞ்சலும் இவருடையதுதானா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

"நான் கற்றுத்தான் கொடுக்கிறேன், டிப்ஸ் கொடுக்கவில்லை" என்பார்கள். அதற்கும் 2025 ஜனவரியில் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. கல்வி மட்டும் நடத்துகிறவர், பங்கின் பெயரைச் சொல்லிப் பேச, முந்தைய மூன்று மாத விலையைப் பயன்படுத்தக்கூடாது என்றது. இன்றைய சார்ட்டைக் காட்டிக்கொண்டு "பாடம்" என்றால் என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். முக்கால்வாசிக் குழுக்கள் கடைசியில் ஆப்ஷன் வகுப்பில்தான் கொண்டுபோய் விடும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம் என்பது செபியே வெளியிட்ட ஆய்வு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வார்சிட்டி என்ற இணையப் பாடத் தளத்திலிருந்து தொடங்குங்கள். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா நடத்துவது, இலவசம், அவர்களிடம் கணக்கு வேண்டியதில்லை. முதல் தொகுதிக்குப் பிறகு நேராக மூன்றாவதுக்குப் போய்விடுங்கள், அதுதான் ஃபண்டமென்டல் அனாலிசிஸ், அதாவது நிறுவனத்தின் கணக்கைப் படிப்பது. அமர ராஜா பேட்டரீஸ் ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு லாப நட்டக் கணக்கு, இருப்புநிலை, பணப்புழக்கம் மூன்றையும் வரி வரியாகச் சொல்லித் தருகிறார்கள். நடுவில் இருக்கும் டெக்னிக்கலும் (விலை சார்ட்டைப் படிப்பது), பின்னால் வரும் ஃப்யூச்சர், ஆப்ஷனும் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

தமிழில் என்றால் செபியின் நிதிக் கல்விக் கையேடு இருக்கிறது. அடிப்படைதான், ஆனால் சொற்கள் பழகும். நாணயம் விகடனும் படிக்கலாம். அதில் வரும் பங்குப் பரிந்துரைகளை நான் தாண்டிவிடுவேன், விளக்கக் கட்டுரைகள் நன்றாக இருக்கும். செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் செபி முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வும் இலவசம்தான். சான்றிதழ் எதற்கும் உதவாவிட்டாலும் அதன் பாடநூலுக்காக எழுதலாம்.

ஈரோட்டுச் செல்வி:
பதிவு எண் கேட்டேன். பதில் வரவில்லை, என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்! மூன்றாவது தொகுதி ஆரம்பித்துவிட்டேன். கடைசியாக ஒன்று: தினமும் பங்குச் சந்தைத் தளத்துக்குப் போய் ஒவ்வொரு பெயராகத் தேட வேண்டுமா?

கோவை மில்காரர்:
வேண்டாம் மேடம். ஸ்க்ரீனரில் நிறுவனப் பக்கத்தில் "ஃபாலோ" கொடுத்துவிடுங்கள், புது அறிவிப்பு மின்னஞ்சலில் வந்துவிடும். பங்குச் சான்றிதழ் தொலைந்தது, செய்தித்தாள் விளம்பரம் என்று குப்பையும் சேர்ந்து வரும், அதைப் பார்க்காமலே அழிக்கலாம். ரிசல்ட், கிரெடிட் ரேட்டிங் (கடனைத் திருப்பும் திறனுக்கான மதிப்பீடு), ஆடிட்டர் ராஜினாமா, புரமோட்டர் அடமானம் (நிறுவனத்தை நடத்துபவர்கள் தங்கள் பங்கை அடகு வைப்பது) இந்த நாலில் எது வந்தாலும் அன்றே திறந்து படித்துவிடுங்கள்.