விண்டோஸ் ஃபயர்வால்: வெளியே போவதையும் அடைக்க வேண்டாமா?

தறிமேடு: "விண்டோஸ் ஃபயர்வால் ஆன் ஆகியிருந்தால் போதும், எதையும் தொட வேண்டாம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஃபயர்வால் என்பது கணினிக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே நிற்கும் காவல்; அது தானாகத் தடுப்பது உள்ளே வருவதை மட்டும்தான். வெளியே போவதெல்லாம் தாராளமாகப் போகும். திருட்டு மென்பொருள் ஒன்று புகுந்துவிட்டால், உங்கள் பாஸ்வேர்டு வெளியே போவதை யார் தடுப்பது?

பிச்சிப்பூ: எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். 2003இல் பிளாஸ்டர் புழு, அதாவது தானே பரவும் வைரஸ், 135ஆம் போர்ட் என்ற வாசல் வழியாக வந்தது. 2017இல் வான்னாக்ரை 445 வழியாக. இரண்டும் உள்ளே வந்தவை. பிளாஸ்டர் மாதிரி புழுக்களுக்காகத்தான் 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் முதல் ஃபயர்வாலை ஆன் செய்தே கொடுத்தார்கள்.

தறிமேடு: வந்த புழு அடுத்த கணினிக்கு எப்படிப் போனது? வெளியே போய்த்தானே! எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே, வெளியே போவதை அடைக்க வழி இருக்கிறது. யார் தடுப்பது?

பிச்சிப்பூ: மொத்தமாக அடைத்துப் பாருங்கள், ஒரு இணையப்பக்கம் திறக்காது. கணினியில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமை பிடித்த வைரஸ், ஃபயர்வாலில் தன்னை வெளியே விடும் ரூலைத் தானே எழுதிக்கொள்ளும், தெரியுமா?

தறிமேடு: அட்மின் அக்கவுண்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பது யார் தப்பு? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கல்லணை: தீயரண் என்று அழகான சொல் இருக்கும்போது இருவரும் ஃபயர்வால், ஃபயர்வால் என்கிறீர்களே.

பிச்சிப்பூ: தமிழ் வகுப்பு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் ஐயா. லாட்ஜ் வைஃபையைக் கூட விண்டோஸில் வீட்டு வைஃபை மாதிரி நம்பி 'பிரைவேட்' என்று வைத்திருக்கிறார்கள். முதலில் அதை 'பப்ளிக்' ஆக்கச் சொல்லுங்கள்.

தறிமேடு: பேச்சை மாற்றுவது உங்களுக்குப் பழக்கம். ரவுட்டர் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள். என் கடையில் எட்டு கணினி. வெளியே போவது முழுக்க அடைப்பு. பிரவுசர், கணக்கு எழுதும் டாலி, அப்டேட் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். தடுத்ததை லாகில் பதியும்படி நாமேதான் ஆன் செய்ய வேண்டும், அதைக்கூடச் செய்தேன். முதல் வாரம் தூக்கமில்லை. அப்புறம் ஒரு தொல்லையும் இல்லை.

கல்லணை: லாக் அல்ல, பதிவேடு.

பிச்சிப்பூ: உங்கள் கடைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஊரில் என் அம்மாவின் கணினிக்கு யார்? ரயில் டிக்கெட் பக்கம் திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலையே ஆஃப் செய்துவிடுவார். அப்போது உள்ளே வரும் வாசலும் திறந்துவிடும்.

தறிமேடு: அம்மா பாஸ்வேர்டு போடுகிறார்தானே? அது வெளியே போனால் யார் தடுப்பது?