பொருள்: ரெய்டுக்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் கையேட்டுத் தமிழாக்கத்தில், பல வட்டுகளை இணைப்பது பற்றிய 'எம்டி' (md) பகுதி மட்டும் பாக்கி. கணினி தொடங்கும்போதே கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பல வட்டுகளைச் சேர்த்து ஒரே வட்டாகக் காட்டுகிறதே, 'ரெய்டு' (RAID) எனும் அந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். வரைவில் 'வட்டு அணி' என்று போட்டிருக்கிறேன். பூட் வரியில், அதாவது கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரியில், தட்டும் அளபுருக்களைத் (parameters) தொடப்போவதில்லை, விளக்கம் மட்டும்தான்.
– க.

> வரைவில் 'வட்டு அணி'

வேண்டாம். பள்ளிக் கணக்கில் மேட்ரிக்ஸ் அணி, நிரல்மொழிப் பாடத்தில் அர்ரேயும் அணி, இலக்கணத்தில் உவமையும் உருவகமும் அணி. இதில் வட்டையும் ஏற்றுவதா? 'வட்டு நிரை' என்போம். புறப்பொருள் இலக்கணத்தில் வெட்சியார் கவர்ந்த ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கரந்தையார் மீட்டார்கள். ரெய்டு 5 என்ற வகையில் ஒரு வட்டு போனால் மீதி வட்டுகளைக் கொண்டு போனதை மீட்கிறோம். அதற்குக் 'கரந்தை' என்றே பெயர் வைக்கலாம்!
– செ.

செ. ஐயா, தொல்காப்பியத்தில் கரந்தை தனித்திணை இல்லை, வெட்சிக்குள்தான். அது கிடக்கட்டும். நீங்கள் சொன்ன அதே கணக்குப் புத்தகத்தில் நிரை என்பது அணியின் கிடைவரிசை! மேலும் மீட்புக்கு உபரித் தகவல் எதுவும் வைக்காத ரெய்டு 0-வில் ஒரு வட்டு போனால் கரந்தையாரே வந்தாலும் மீட்க முடியாது.
– ந.

யாழ்ப்பாணத்தில் படித்த எனக்கு அணியில் குழப்பமில்லை. எங்களுக்கு மேட்ரிக்ஸ் 'தாயம்'.
– வ.

தாயமா? எங்களுக்கு அது சோழி உருட்டுவது!
– ந.

சர்வர் பார்ப்பவன் சொல்கிறேன், 'ரெய்டு' என்றே விடுங்கள். ரெய்டை அறிமுகப்படுத்திய 1988 பெர்க்லி கட்டுரையில் RAID-இன் 'ஐ' (I) மலிவைக் (inexpensive) குறித்தது; பிற்பாடு தனித்தனி (independent) என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களே பிடித்துத் தொங்காத பொருளை நாம் ஏன் தொங்க வேண்டும்?

பெயரைவிட முக்கியம் ஒன்று. 'கர்னல் தானே சேர்த்துக்கொள்ளும்' என்று வரைவில் மொட்டையாக இருக்கிறது. எம்டி கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்து, வட்டின் பகிர்வு (partition) எஃப்டி (fd) வகையாகவும், சேர்க்கை விவரத்தை வட்டிலேயே எழுதிவைக்கும் மேற்குறிப்பு (superblock) 0.90 பதிப்பாகவும் இருந்தால்தான் அது நடக்கும். 1.x பதிப்பென்றால், தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (initramfs) எம்டிஏடிஎம் (mdadm) கருவி இருந்து சேர்க்க வேண்டும். ரூட், அதாவது இயங்குதளம் இருக்கும் முதன்மைக் கோப்பமைப்பு, அந்த வட்டுகளில் இருந்தால், வரைவை நம்பியவரின் கணினி ரூட் கிடைக்காமல் பாதியில் நிற்கும்.
– மு.

> 'ரெய்டு' என்றே விடுங்கள்

தமிழ்நாட்டில் ரெய்டு என்றால் வருமான வரிக்காரர் வீட்டுக்கு வருவது. நாளிதழ் படிக்கிறவரிடம் 'கணினி தொடங்கும்போது ரெய்டு நடக்கும்' என்று சொல்லிப் பாருங்கள்.
– செ.

இதுவரை அணி 4, ரெய்டு 3, நிரை 1. முதல் இடத்தில் 'ரெய்டு எனும் வட்டு அணி', அப்புறம் 'வட்டு அணி' மட்டும். மு. சொன்ன வாக்கியத்தைத் திருத்திவிட்டேன், நன்றி. நாளை கோப்பை அனுப்புகிறேன்.
– க.

சரி, சொற்பட்டியலில் என் மறுப்பையும் பதிந்துவிடுங்கள். க.வின் முதல் மடலில் 'பூட் வரி' என்று இருக்கிறதே, அது என்ன, செருப்பா? தனி இழை தொடங்குகிறேன்.
– செ.